கடவுள் உண்டுங்கிறவங்களும் இல்லைங்கிறவங்களும் ஒரே சபையில இருந்தா ஆன்மீகத்தை எப்படி வளர்க்கறது?

ஏரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கால மிட்வெஸ்ட் பக்கம் சின்ன ஊர் ஒண்ணுல இருக்கோம். நானும் வீட்டுக்காரரும் இங்க ஒரு யூனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் சபைக்குப் போயிட்டு வர்றோம். தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன், பாக்க சர்ச் மாதிரிதான் இருக்கும், ஞாயித்துக்கிழமை கூடுவாங்க, பாட்டு, பிரசங்கம், காணிக்கைக் கூடை எல்லாம் உண்டு, ஆனா இன்னதை நம்பினாதான் உள்ள வரலாம்னு எதுவும் கிடையாது. ஒரே வரிசையில தினமும் ஜெபம் பண்ற அம்மா ஒருத்தங்க உக்காந்திருப்பாங்க, பக்கத்துல கடவுளாவது மண்ணாவதுன்னு சொல்ற ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார், அடுத்து புத்த தியானம் பண்ற ஒரு பொண்ணு.

எங்க வீட்டு நிலவரமும் அதேதான். அவர் திராவிடர் கழகக் குடும்பம், எங்க கல்யாணமே சுயமரியாதைக் கல்யாணம். எனக்கு வெள்ளிக்கிழமை விளக்கேத்தி ஒரு தேவாரமாவது சொல்லலைன்னா மனசு ஒரு நிலையில இருக்காது. ரெண்டு பேரும் சேந்து போக ஒரு இடம் வேணும்னு தேடித்தான் இங்க வந்தோம். (கோயிலுக்கும் வருவார், கார் ஓட்டிட்டு வந்து பார்க்கிங்ல உக்காந்து பாட்காஸ்ட் கேப்பார், அது தனி கதை.)

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். இந்த வருஷம் என்னை வழிபாட்டுக் குழுவுல போட்டுட்டாங்க. சபையில எல்லார்கிட்டயும் கருத்து எழுதி வாங்கினோம். ஒருத்தர் எழுதியிருக்கார், "போன வாரம் கடவுள்னு மூணு தடவை சொன்னாங்க, நான் எதுக்கு பழைய சர்ச்சை விட்டு வந்தேன்?" அடுத்த சீட்டுல இன்னொருத்தங்க, "நல்ல லெக்சர், ஆனா வீட்டுக்குப் போறப்போ நெஞ்சுல ஒண்ணும் இல்லை." பாஸ்டரம்மா பாவம், யார் மனசும் நோகக்கூடாதுன்னு "ஜீவசக்தியே, அன்பே, பல பேர் கொண்ட மர்மமே"ன்னு விதவிதமா பேர் வெச்சுக் கூப்பிட்டு ஜெபத்தை ஆரம்பிக்கறாங்க. எல்லார் நாக்குக்கும் ஒத்துக்கணும்னு உப்பையும் காரத்தையும் எடுத்துட்ட சாம்பார் மாதிரி ஆயிடுச்சு, நம்பறவங்களுக்கும் பத்தலை, நம்பாதவங்களுக்கும் பிடிக்கலை.

இந்த மாதிரி கலவையான சபையில இருந்த அனுபவம் இருக்கறவங்க, நடைமுறையில என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. அத்வைதம்தான் இதுக்கு பதில்னு யாரும் வந்துடாதீங்க ப்ளீஸ், அதை எங்க அண்ணன் தினமும் வாட்ஸ்அப்ல அனுப்பறார்.


பழைய_ரேடியோ எழுதியது:

வணக்கம்மா. மினசோட்டால இருக்கேன், வயசு எழுபதுக்கு மேல, கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனா இந்த சபைகள்ல ரொம்ப காலமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இந்த சண்டை உங்க சபையில புதுசா வந்ததில்லை, நூறு வருஷத்துக்கு மேல பழசு. மினியாபொலிஸ்ல ஜான் டீட்ரிக்னு ஒரு போதகர் இருந்தார், முன்னாடி இருந்த சர்ச் அவரை மதவிரோதின்னு 1911-ல வெளியேத்திடுச்சு, 1916-ல இங்க யூனிடேரியன் சபைக்கு (திரித்துவம் கிடையாது, கடவுள் ஒருத்தர்தான்னு ஆரம்பிச்ச பிரிவு) வந்து கடவுளே இல்லாம பிரசங்கம் பண்ணார். 1921-ல டெட்ராய்ட்ல நடந்த மாநாட்டுல கடவுள் இல்லாத யூனிடேரியன் ஒரு யூனிடேரியனாங்கிறதே பெரிய விவாதம். அப்ப கடவுள் பக்கம் இருந்தவங்க ஒரு விசுவாசப் பிரமாணம் எழுதி மத்தவங்களை வெளிய தள்ளியிருக்கலாம், தள்ளலை. 1933-ல முதல் மனிதநேய அறிக்கை (ஹ்யூமனிஸ்ட் மேனிஃபெஸ்டோ, கடவுளை விட்டுட்டு மனுஷனை நடுவுல வெச்சது) வந்தப்போ கையெழுத்து போட்ட 34 பேர்ல கிட்டத்தட்ட பாதி பேர் யூனிடேரியன் போதகர்கள்தான். அப்புறம் 1961-ல யூனிடேரியன்களும் யுனிவர்சலிஸ்டுகளும் (கடைசியில எல்லாருக்கும் மீட்பு உண்டுன்னு சொன்ன பிரிவு) ஒண்ணா சேந்தாங்க, எண்பதுகள்ல ஏழு கொள்கை எழுதினாங்க, கூடவே நாங்க எங்கெங்கருந்து எடுத்துக்கறோம்னு ஒரு பட்டியல், அதுல யூத கிறிஸ்தவ போதனையும் இருக்கும் மனிதநேய போதனையும் இருக்கும், 1995-ல பூமியை வணங்கற மரபுகளையும் சேத்தாங்க. 2024 ஜூன்ல அந்த ஏழையும் எடுத்துட்டு நடுவுல அன்பை வெச்சு சுத்தி ஆறு மதிப்புகள்னு மாத்தி ஓட்டுப் போட்டு நிறைவேத்திட்டாங்க. இவ்வளவு எழுதியும் மாத்தியும் உங்க கருத்துச் சீட்டுல அதே ரெண்டு புலம்பல்தான் வருது பாத்தீங்களா? எல்லாருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடைச்சுட்டா பிரச்சனை தீந்துடும்னு நினைச்சுத்தான் இத்தனை காலம் ஓடியிருக்கு. அந்த வார்த்தை கிடைக்காது. தேடறதை விட்டுடுங்க.

எங்க சபையில மாத்தினது சின்னக் குழுக்கள். தொண்ணூறுகளோட கடைசியில இருந்து இது நிறைய சபைகள்ல பரவியிருக்கு. எட்டுலேர்ந்து பத்து பேர், மாசம் ரெண்டு தடவை, ஒருத்தர் வீட்லயோ சபை ஹால்லயோ. எப்படி நடக்கும்னா, சின்னதா ஒரு கிண்ண விளக்கு ஏத்துவோம், யாராவது நாலு வரி படிப்பாங்க, அப்புறம் சுத்தி ஒவ்வொருத்தரும் இந்த ரெண்டு வாரத்துல மனசுல என்ன கிடந்துச்சுன்னு சொல்லணும். அடுத்து அன்னிக்கு தலைப்பு, மன்னிப்பு, பயம், பணம், அப்பா, இப்படி ஏதாவது ஒண்ணு. ஒருத்தர் பேசறப்போ மத்தவங்க குறுக்க பேசக்கூடாது, புத்திமதி சொல்லக்கூடாது, "எனக்கும் இப்படித்தான்"னு ஆரம்பிக்கவே கூடாது. ஒருத்தர் முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம், அப்புறம்தான் அடுத்தவர். எப்பவும் ஒரு காலி நாற்காலி போட்டிருப்போம், புதுசா யாராவது வருவாங்கன்னு ஞாபகம் இருக்கறதுக்கு.

கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா அங்கதான் நம்பறவங்க "கடவுள்"னு வாய்விட்டு சொல்ல முடியும், யாரும் மூஞ்சியை சுளிக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க சபை சார்பா பேசலை, அவங்க வாழ்க்கையை சொல்றாங்க. எங்க குழுவுல ஒரு அம்மா, பையன் ஜெயில்ல இருக்கான், காலைல எழுந்ததும் அவன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிட்டுத்தான் காபி போடுவேன்னாங்க. அந்த ஜெபம் யார் காதுல விழுதுன்னு கேக்கணும்னு எனக்கு தோணவே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி நானே அந்தப் பையன் என்ன ஆனான்னு நினைச்சுட்டு இருந்தேன். என் முறை வந்தப்போ, மனைவி போன பிறகு ராத்திரி ஷார்ட்வேவ் ரேடியோ கேக்கறதைப் பத்தி சொன்னேன், எங்கயோ ஒரு ஊர்லேர்ந்து புரியாத பாஷையில ஒரு குரல் வர்றப்போ வர்ற ஆறுதல். அந்த அம்மா அதை தன்னோட ஜெபத்தோட சேத்து வெச்சுக்கிட்டாங்களா என்னன்னு தெரியாது, ஒண்ணும் சொல்லலை, தலையை ஆட்டினாங்க. எனக்கு அது போதும்.

இது நடந்து ஒரு வருஷம் ஆனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை மேடையில இருந்து கடவுள்னு சொன்னா எங்க ஆளுங்க அவ்வளவா துள்ளறதில்லை, அந்த வார்த்தைக்குப் பின்னாடி இருக்கற முகம் தெரிஞ்சுடுச்சு.


கறுப்புக்_கண்ணாடி எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பா பேசறேன், கோவிச்சுக்காதீங்க. கடவுள் இல்லாதவனுக்கு எதுக்குங்க ஆன்மீகம்? முன் வாசல்ல கடவுளை வெளிய அனுப்பிட்டு பின் வாசல்ல "ஆன்மீகம்"னு பேர் மாத்தி உள்ள கூட்டிட்டு வர்ற வேலையாதான் எனக்குத் தெரியுது. மனுஷனுக்கு மனுஷன் உதவி பண்ணனும், பசங்களுக்கு நல்லது கெட்டது சொல்லித் தரணும், செத்தா நாலு பேர் வரணும், அதுக்கு ஒரு சங்கம் இருந்தா போதாதா?

அதுவும் இந்த மாதிரி இடத்துல விட்டுக்கொடுக்கறது எப்பவும் நாத்திகன்தான். அவங்க ஜெபம் பண்றப்போ நான் தலையைக் குனியணும், அது மரியாதை. நான் மேடையில ஏறி ஜெபத்தால நோய் குணமாகாதுன்னு சொன்னா அது மனசைப் புண்படுத்தறது. எந்த ஊர் நியாயம் இது?

லண்டன்ல 2013 ஜனவரில ரெண்டு காமெடியன்கள், சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவான்ஸ், சண்டே அசெம்ப்ளின்னு ஆரம்பிச்சாங்க, இஸ்லிங்டன்ல பழைய சர்ச் கட்டடத்துலயே. பாட்டு, பேச்சு, டீ, கேக், கடவுள் மட்டும் இல்லை. நல்லா வாழு, அடிக்கடி உதவு, நிறைய வியந்து பாருன்னு மூணே வரி கொள்கை. நான் அங்க இருந்தப்போ சில தடவை போயிருக்கேன், ஜாலியா இருக்கும், யாரும் "மர்மமே"ன்னு கூப்பிட மாட்டாங்க.


பழைய_ரேடியோ எழுதியது:

தம்பி, சண்டே அசெம்ப்ளி எனக்கும் பிடிச்ச முயற்சிதான், ஆனா ஆரம்பத்துல வந்த கூட்டம் நிக்கலை, பல ஊர்ல கிளை மூடிட்டாங்க. ஜாலி மட்டும் இருந்தா ஜாலி குறையற அன்னிக்கு ஆள் வரமாட்டான். உங்க ரெண்டாவது பாயிண்ட் மட்டும் நூத்துக்கு நூறு சரி. நம்பாதவங்க சும்மா உக்காந்து பொறுத்துக்கற விருந்தாளியா இருந்தா அது கலந்த சபை இல்லை. அவங்களும் வழிபாட்டை நடத்தணும். எங்க சபையில ஒரு ஜியாலஜிஸ்ட் அம்மா, சுத்த நாத்திகம், கையில ஒரு பாறைத் துண்டோட மேடைக்கு வந்தாங்க, இது இருநூத்தம்பது கோடி வருஷத்துக்கு மேல பழசு, எல்லாரும் தொட்டுப் பாத்துட்டு பக்கத்துல குடுங்கன்னாங்க. வரிசை வரிசையா அது கை மாறி வர்ற வரைக்கும் ஒருத்தர் வாயைத் திறக்கலை. அந்தப் பாறைக்கு என்ன பேர் வெச்சா என்ன.


ஏரிக்கரை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி, குழு விஷயம் அப்படியே காப்பி பண்ணி பாஸ்டரம்மாக்கு இங்கிலீஷ்ல அனுப்பப் போறேன். கறுப்புக்கண்ணாடி அண்ணா, எங்க வீட்டுக்காரர் உங்க பதிலைப் படிச்சுட்டு "யாருப்பா இது நம்ம ஆளு"ன்னார். ஆனா அவரே போன மாசம் அவங்கப்பா நினைவு நாளுக்கு சபையில போய் கிண்ணத்துத் தண்ணியில ஒரு கூழாங்கல் போட்டார். எங்க சபையில வாரா வாரம் சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் அப்படி கல் போடுவாங்க, விருப்பப்பட்டா ஒரு வரி சொல்லலாம், இல்லைன்னா சும்மா போட்டுட்டு வந்துடலாம். அவர் ஒண்ணும் சொல்லலை. இது எதுக்குன்னு கேட்டா "சும்மாதான்"ங்கறார். திதி குடுக்கலைன்னு மாமியார் இன்னும் வருத்தப்படறாங்க, இதை அவங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன்.


ரெண்டு_பசங்க_அம்மா எழுதியது:

நான் மாசசூசெட்ஸ்ல ஒரு சபையில பசங்க வகுப்பு எடுக்கறேன். ஏரிக்கரை அக்கா, நீங்க ஜெபத்தையும் பிரசங்கத்தையும் மட்டும் பாக்கறீங்க, சடங்கைப் பாருங்க, அதுதான் ரெண்டு தரப்பையும் ஒண்ணா கட்டும்.

ஜூன் மாசம் பூ கூடுகை உங்க சபையில பண்றாங்களா? அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா நீங்க கேக்கறதுக்கு பாதி பதில் அதுலயே இருக்கு. பிராக் ஊர்ல நார்பர்ட் சாபெக்னு ஒரு போதகர், அவர் சபைக்கு வந்தவங்க நிறைய பேர் கத்தோலிக்க சர்ச்சை விட்டு வந்தவங்க, அப்பமும் திராட்சை ரசமும் குடுக்கற நற்கருணைச் சடங்குன்னு எடுத்தாலே பழைய கசப்பு வரும். சடங்கே வேணாம்னு விட்டா கூட்டம் வெறும் கூட்டமாயிடும். அதனால 1923-ல ஒரு வழி பண்ணார், எல்லாரும் வர்றப்போ ஆளுக்கு ஒரு பூ கொண்டு வாங்க, வாசல்ல இருக்கற பெரிய ஜாடியில வைங்க, போறப்போ அவங்கவங்க கொண்டு வராத வேற ஒரு பூவை எடுத்துட்டுப் போங்க. அவ்வளவுதான். அதுல கடவுள்னு சொல்றவங்களுக்கும் இடம் இருக்கு, சொல்லாதவங்களுக்கும் இருக்கு, யாரும் தான் நம்பாததை வாயால சொல்ல வேண்டியதில்லை, ஆனா எல்லாரும் கையால ஒண்ணு செய்யறாங்க. 1941-ல நாஜிகளோட ரகசியப் போலீஸ் கெஸ்டபோ அவரைப் பிடிச்சுட்டுப் போச்சு, 1942-ல நாஜிங்க கொன்னுட்டாங்க. அவர் மனைவி மாயா அமெரிக்கா வந்து 1940-லயே இந்தச் சடங்கை இங்க பழக்கினாங்க. பசங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிட்டு பூ எடுக்கச் சொன்னா அன்னிக்கு ஓட்டமும் தள்ளுமுள்ளும் இருக்காது, ரொம்ப நேரம் நின்னு எந்தப் பூன்னு பாப்பாங்க.

இன்னொரு விஷயம். எங்க டீனேஜ் பசங்களுக்கு ஒரு வருஷ வகுப்பு இருக்கு, முடிவுல ஒவ்வொருத்தரும் "நான் எதை நம்பறேன்"னு ஒரு பக்கம் எழுதி முழு சபை முன்னாடி நின்னு படிக்கணும். ஒரு பையன் கடவுள் இல்லைன்னு படிப்பான், அடுத்து வர்ற பொண்ணு பாட்டி சொல்லிக்கொடுத்த ஜெபத்தை இன்னும் சொல்றேன்னு படிப்பா, ரெண்டு பேருக்கும் ஒரே கைதட்டு. பெரியவங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க. ஆனா அந்தப் பெரியவங்கள்ல யாரையாவது கூப்பிட்டு "நீங்க எழுதுங்க"ன்னா நழுவிடுவாங்க! பதினாலு வயசுப் பசங்க செய்யறதை அம்பது வயசு ஆளுங்களும் செய்யட்டுமே. எங்க சபையில பெரியவங்களுக்கும் அதே மாதிரி வகுப்பு ஆரம்பிச்சோம், வந்தவங்க பாதி பேருக்கு தான் எதை நம்பலைங்கிறது மட்டும்தான் தெளிவா தெரிஞ்சுது. நம்பறது என்னன்னு எழுதறதுக்குத்தான் திண்டாடினாங்க. அதுல நம்பறவங்க நம்பாதவங்கன்னு வித்தியாசமே இல்லை.

பாட்டு விஷயமும் பாருங்க, யூனிடேரியன்காரங்க ஏன் பாட்டு சொதப்பறாங்க தெரியுமா, அடுத்த வரியை ஒத்துக்க முடியுமான்னு முன்னாடியே படிச்சுப் பாத்துட்டு பாடறதாலன்னு ஒரு பழைய ஜோக் உண்டு. வார்த்தையே இல்லாத ராகம், இல்லைன்னா ரெண்டே வரி திருப்பித் திருப்பி வர்ற பாட்டு, இதெல்லாம் வைங்க, புத்தகத்தை மூடிட்டுப் பாடுவாங்க.


சும்மா_இரு எழுதியது:

இங்கிலாந்துல குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவோட கூட்டத்துக்குப் போறேன், அதனால பக்கத்து வீட்டுக்காரனா ரெண்டு வார்த்தை. எங்ககிட்ட பாஸ்டரே கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு மணி நேரம் வட்டமா உக்காந்து மௌனம், யாருக்காவது பேசியே ஆகணும்னு உள்ளருந்து உந்தினா எழுந்து ரெண்டு நிமிஷம் பேசுவாங்க, மறுபடி மௌனம். கடவுளை நம்பாத குவேக்கர்களும் இருக்காங்க, அவங்களுக்குன்னு ஒரு அமைப்பே இருக்கு. நான் சைவக் குடும்பம், "சும்மா இரு சொல் அற"ன்னு அருணகிரிநாதர் பாடினதை சின்ன வயசுல அர்த்தம் தெரியாம ஒப்பிச்சவன், இங்க வந்துதான் அதை உக்காந்து செஞ்சு பாக்கறேன்.

மௌனம் எல்லாருக்கும் பொதுங்கிறது உண்மை. ஒருத்தர் உள்ள ஜெபம் ஓடும், ஒருத்தர் மூச்சை எண்ணுவார், ஒருத்தர் மதியம் என்ன சமையல்னு யோசிப்பார், யாரும் யாரையும் சோதிக்க முடியாது. ஆனா உங்க சபையில பிரசங்கத்துக்கும் காணிக்கைக்கும் நடுவுல ஒரு நிமிஷம் பியானோவோட "மௌனம்"னு போடறாங்கன்னு நினைக்கறேன், அது மௌனம் இல்லைங்க, இடைவேளை. ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம், பின்னணி இசை இல்லாம, மாசக்கணக்குல விடாம வைங்க. முதல்ல இருமுவாங்க, நாற்காலி கிறீச்சுனு சத்தம் போடும், யாராவது போன் அடிக்கும். போகப் போக அடங்கும்.

எச்சரிக்கையும் சொல்லிடறேன், மௌனம் மட்டும் இருந்தா ஆளுக்கு ஆள் என்ன நம்பறாங்கன்னே தெரியாம வருஷக்கணக்குல ஒண்ணா உக்காந்திருக்க முடியும். எங்க கூட்டத்துல அது நடந்திருக்கு. பெரியவர் சொன்ன குழு அதுக்குத்தான் வேணும்.


மெட்ராஸ்_மெயில் எழுதியது:

கொஞ்சம் தடம் மாறிப் போறேன், அட்மின் மன்னிக்கணும். யூனிடேரியன்னா ஏதோ வெள்ளைக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1795-லயே மெட்ராஸ்ல ஒரு யூனிடேரியன் கிறிஸ்தவ சபை தொடங்கியிருக்கு, தொடங்கினது ஒரு தமிழர், வில்லியம் ராபர்ட்ஸ்னு பேர் வெச்சுக்கிட்டவர். வெள்ளைக்கார மிஷனரி யாரும் வந்து ஆரம்பிச்சுக் குடுக்கலை, இங்கிலாந்து போய் வந்து அங்க கிடைச்ச யூனிடேரியன் எழுத்துகளைப் படிச்சுட்டு தானா முடிவுக்கு வந்த ஆளு. அதே மாதிரி மேகாலயால காசி மலையில ஹஜோம் கிஸ்ஸோர் சிங் 1887-ல ஆரம்பிச்சார், அவரும் மிஷனரி சொன்ன நரகத்தை ஏத்துக்க முடியாம வெளிய வந்தவர். இந்த ரெண்டு இடத்துலயும் ஒரே கடவுள் நம்பிக்கை உறுதியா இருக்கு, அமெரிக்கா மாதிரி நாத்திகர் கலந்த சபை இல்லை. அதாவது இந்தக் கலவை யூனிடேரியன் எல்லார்கிட்டயும் இருக்கற குணம் இல்லை, அமெரிக்கால வளந்த வகை. உங்க சபையில யாராவது "நம்ம மரபே இப்படித்தான்"னு அடிச்சுப் பேசினா இதைச் சொல்லுங்க.


கறுப்புக்_கண்ணாடி எழுதியது:

மெயில், செய்தி புதுசு, நன்றி. ஆனா கேள்வி சபையில என்ன பண்றதுன்னு, வரலாற்று பரீட்சை இல்லை :)


ஸ்கார்பரோ_பெட்டை எழுதியது:

நான் டொராண்டோவில, ஸ்கார்பரோவில இருக்கிறன். எங்கட பக்கத்தில வெஸ்ட் ஹில் எண்டு ஒரு யுனைடெட் சர்ச் இருக்கு, அங்க போதகரா இருந்த கிரெட்டா வோஸ்பர் தான் ஒரு நாத்திகர் எண்டு வெளிப்படையாச் சொன்னவ. அது யூனிடேரியன் சபை இல்லை, கனடாவின்ர பெரிய புரட்டஸ்தாந்து சபை, அதால பெரிய பிரச்சினை வந்தது. 2016-ல விசாரிச்சு இவ போதகரா இருக்கப் பொருத்தமில்லை எண்டு சொல்லிச்சினம், பிறகு 2018 நவம்பரில சமாதானமாப் போய் அவவை அங்கயே இருக்க விட்டிட்டினம். நான் இதை ஏன் சொல்லுறன் எண்டால், அதுக்கு முதலே, அந்தச் சபையில யேசு சொல்லிக் குடுத்த பரமண்டல ஜெபத்தை நிப்பாட்டின நேரம் கன சனம் விட்டிட்டுப் போட்டுதுகள். இருந்தவைக்கு நல்லாத்தான் இருந்தது, போனவை திரும்பி வரேல்லை. எடுத்து எடுத்துக் கொண்டு போனா கடைசியில ஒரு பக்கம்தான் மிஞ்சும்.

அக்கா, நான் இன்னொண்டு சொல்லுவன், நீங்கள் கோவிக்கக் கூடாது. நான் முருக பக்தை. தேருக்கு வடம் பிடிக்கிற அண்டைக்கு எனக்குள்ள வாறது, பூவைச் சாடியில வைச்சு எடுக்கிறதால வராது. பக்திக்கு முன்னால ஒரு ஆள் வேணும், பேர் வேணும், முகம் வேணும், சண்டை பிடிக்கவும் ஆள் வேணும். கலந்த சபை அதைத் தராது, தரவும் ஏலாது, தருவன் எண்டு சொல்லவும் கூடாது. நான் என்ர மனுசனோட யூனிடேரியன் சபைக்கும் போறன், கோயிலுக்கும் போறன். அங்க எனக்கு கிடைக்கிறது வேற, என்னைப் போல இல்லாத சனத்தோட இருந்து பழகிறது. அதுவும் ஒரு சாதனைதான், லேசில்லை. உங்கட சபையில இருக்கிற நம்பிக்கையாளருக்கும் இதை நேராச் சொல்லுங்கோ, உங்களுக்குத் தேவையானதை வேற இடத்திலயும் போய் எடுங்கோ, எடுத்ததை இங்க வந்து எங்களுக்குச் சொல்லுங்கோ எண்டு.


ஏரிக்கரை எழுதியது:

தங்கச்சி, கோவமெல்லாம் இல்லை, வெள்ளிக்கிழமை விளக்கு முன்னாடி எனக்கு வர்றது ஞாயித்துக்கிழமை வரலையேன்னு உள்ளுக்குள்ள ஒரு குறை இருந்துட்டே இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு யார் சொன்னாங்கன்னு இப்பத்தான் தோணுது.

வழிபாட்டுக் குழு கூட்டம் செவ்வாய்க்கிழமை. நான் கொண்டு போகப் போறது இதுதான். பாஸ்டரம்மா விதவிதமா பேர் வெச்சுக் கூப்பிடறதை நிறுத்திட்டு, அவங்க ஜெபம் பண்ற வாரம் அவங்க எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படியே கூப்பிடட்டும். யூனிடேரியன் ஜெபம்னா "சம்பந்தப்பட்டவர் கவனத்துக்கு"ன்னு ஆரம்பிக்கும்னு ஒரு கிண்டல் இருக்கே, அந்த நிலைமை வேணாம். அடுத்த வாரம் கெமிஸ்ட்ரி வாத்தியார் மேடைக்கு வந்து அவருக்கு எது பெருசோ அதைச் சொல்லட்டும், "நான்"னு ஆரம்பிச்சுச் சொல்லணும், "நாம எல்லாரும்"னு சொல்லக்கூடாது, ரெண்டு தரப்புக்கும் அதே விதி. ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் மௌனம், பியானோ வாசிக்கறவர் கொஞ்சம் வருத்தப்படுவார், பேசிக்கறேன். செப்டம்பர்லேர்ந்து ரெண்டு சின்னக் குழு. பெரியவங்களுக்கு எழுதற வகுப்பு அப்புறம் பாக்கலாம், ஒரே நேரத்துல எல்லாத்தையும் போட்டா ஆள் கிடைக்காது, இங்க எல்லா வேலைக்கும் அதே ஆறு பேர்தான்.

வீட்டுக்காரரை ஒரு குழுவுல சேரச் சொன்னேன். "புத்திமதி சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கா, அப்ப நீ தாங்க மாட்டே, வேற வேற குழுவுல சேருவோம்"ங்கறார்.

பெரியவர் ஐயாக்கு ஒரு கேள்வி, குழுவை யார் நடத்தணும்? எல்லாத்துக்கும் பாஸ்டரம்மா வர முடியாது.


பழைய_ரேடியோ எழுதியது:

பாஸ்டர் வரவே வேணாம்மா, வந்தா எல்லாரும் அவங்க மூஞ்சியைப் பாத்துப் பேசுவாங்க. சபை ஆளுங்கள்லயே கேக்கத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேரைப் பிடிங்க, நல்லா பேசறவங்களை எடுக்காதீங்க, அவங்களால வாயை மூடிட்டு இருக்க முடியாது. ஒரு குழுவுல நம்பறவர் நடத்தினா இன்னொண்ணுல நம்பாதவர் நடத்தட்டும். நடத்தறவங்க மட்டும் மாசம் ஒரு தடவை பாஸ்டரோட தனியா உக்காந்து அவங்களுக்குள்ளயே ஒரு குழு மாதிரி பேசணும், இதை மட்டும் விட்டுடாதீங்க, விட்ட இடத்துல எல்லாம் ஆறு மாசத்துல அது அரட்டை கிளப் ஆயிடுச்சு, ஒரு இடத்துல அரசியல் சண்டையில போய் முடிஞ்சுது. வீட்டுக்காரர் சொன்னது சரிதான், புருஷன் பெண்டாட்டி வேற வேற குழுவுல இருக்கறது நல்லது, எங்க சபையில அதை எழுதியே வெச்சிருக்கோம்.